நடுவில் யாரும் நிற்காதீர்கள்!

ஊரப்பாக்கம் என்று சொன்னதும் டிராக்டர் ஞாபகம் வருகிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். ஒன்று நான். இன்னொன்று என் மனைவி. (அவளுக்கு ஞாபகம் வருகிற விதம் வேறு. அதை அச்சில் ஏற்ற முடியாது.)

மற்றவர்களுக்கு ஊரப்பாக்கம் என்றால் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு எங்கள் அந்தஸ்து கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற சொந்தக்காரர்கள், "பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்று பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் ரயில் பாதையைத் தாண்டி மேற்கே, ஆதனூர் வழியாக மணிமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியைத் தோற்கடித்த அதே மணிமங்கலம்தான். மனைக் கல்லுக்கும் மனைக் கல்லுக்கும் நடுவில் இன்னமும் ஏரித் தண்ணீரில் நெல் பயிராகிறது. அங்கே என் பாட்டனார் விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருக்கிறது. அதை உழ, 35 குதிரைத் திறனில் ஒரு பழைய டிராக்டர் இருக்கிறது. இரண்டு ஏக்கருக்கு டிராக்டரா என்று கேட்காதீர்கள். அக்கம்பக்கத்து நிலங்களுக்கு வாடகைக்கும் ஓடுகிறது. அதனால்தான் அது டீசல் குடிக்கிறது, நான் காபி குடிக்கிறேன்.

நான் ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கிற பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்து நாலு வருஷம் பெட்டியோடு பெட்டியை மாட்டுவது, கழற்றுவது, ஆணி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரிடையர் ஆனால் நிம்மதி என்று நினைத்தேன். டிராக்டர் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதுவும் மாட்டுவது, கழற்றுவது வேலைதான் என்று!

நம் முன்னோர்கள் சரியாகத்தான் பேர் வைத்தார்கள். ஏர் 'ஓட்டுவது' அப்புறம். முதலில் ஏர் 'பூட்டுவது'. நுகத்தடியை மாட்டின் கழுத்தில் வைத்து, பூட்டாங்கயிற்றைச் சுற்றி, ஏர்க்காலை வடக்கயிற்றால் நுகத்தில் இறுக்கினால் ஏர் தயார். அதில் ஒரு சௌகரியம். மாடு தானாகவே கழுத்தை நீட்டும். ரோட்டவேட்டர் கழுத்தை நீட்டாது.

டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே இரண்டு கை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நடுவில் 'டாப் லிங்க்' என்று ஒன்று. கலப்பையோ, கல்டிவேட்டரோ, ரோட்டவேட்டரோ, எதுவானாலும் இந்த மூன்று இடத்தில் மாட்ட வேண்டும். முதலில் இடது கை, பிறகு வலது கை, கடைசியில் டாப் லிங்க். ஒவ்வொன்றிலும் குண்டின் ஓட்டைக்குள் பின்னை நுழைத்து, அது கழன்று வராமல் லிஞ்ச் பின் போட வேண்டும். லிஞ்ச் பின் என்றால் பயப்படாதீர்கள். மாட்டுவண்டிக் கடையாணியின் கொள்ளுப் பேரன்.

சொல்வதற்கு மூன்றே வரி. செய்வதற்கு அரை மணி. ரோட்டவேட்டர் 350 கிலோ இருக்கும். களத்துமேட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். டிரைவர் பின்னால் எடுக்க வேண்டும். ஒரு அங்குலம் இப்படி அப்படி இருந்தாலும் ஓட்டை ஓட்டையோடு சேராது. அதற்காக ஓர் ஆள் டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் பின், வாயில் கூச்சல்.

"வா... வா... வா... நிறுத்து! கொஞ்சம் முன்னால... ஐயோ, ரொம்பப் போயிட்ட... வா... வா..."

இந்த 'வா வா'வில்தான் சார் விஷயமே இருக்கிறது. கிளட்சிலிருந்து கால் வழுக்கினால்? பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால்? தூக்கி வைத்த லிஃப்ட் சட்டென்று இறங்கினால்? நடுவில் நிற்கிறவன் எங்கே போவான்? முன்னால் டிராக்டர், பின்னால் இரும்பு, இரண்டு பக்கமும் சக்கரம்.

எங்கள் டிராக்டரை ஓட்டுகிற அண்ணனுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. முதன்முதலில் அவரோடு டீ குடித்தபோது கவனித்தேன். டம்ளரைப் பிடித்திருந்த இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"இன்னாண்ணே இது?"

"அதுவா தம்பி? கல்டிவேட்டர் துன்னுடுச்சி. நான் ஹெல்பரா இருந்தப்ப. பின்னு போடச் சொல்ல வண்டி அரை அடி பின்னால வந்துடுச்சி. நாப்பது வருசம் ஆவுது" என்றார். ஏதோ பஸ் டிக்கெட் தொலைந்துபோனதைச் சொல்வது போல் சொல்லிவிட்டு, மீதி டீயைக் குடித்தார்.

எனக்கு டீ இறங்கவில்லை. காரணம், ரயில்வே. அங்கே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான்: இரண்டு பெட்டிக்கு நடுவில் இருக்கிற இடம் மனிதனுக்கானது இல்லை.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளை வளையமும் ஆணியும் போட்டுத்தான் மாட்டினார்கள். பெட்டி உருண்டு வரும்போது ஓர் ஆள் நடுவில் நின்று, சரியான நொடியில் ஆணியைச் செருக வேண்டும். நொடி தவறினால் விரல் போகும், கை போகும், சில நேரம் ஆளே போய்விடுவான். விரல் குறைந்திருப்பதை வைத்தே 'இவர் அனுபவசாலி' என்று கண்டுபிடிப்பார்களாம்! ஈலை ஜேனி என்பவர் 1873-ல் ஒரு கப்ளருக்குக் காப்புரிமை வாங்கினார். நம் இரண்டு கை விரல்களை மடித்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ, அது மாதிரி. பெட்டி வந்து மோதினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். நடுவில் ஆள் வேண்டாம்.

உடனே எல்லா ரயிலிலும் மாட்டிவிட்டார்களா என்றால், இல்லை. கம்பெனிகளுக்கு விரலைவிடக் கப்ளர் விலை அதிகமாகத் தெரிந்தது. 1893-ல் அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்ட பிறகுதான் எல்லோரும் வழிக்கு வந்தார்கள். இருபது வருஷம்! நம் ஊரிலும் பழைய ஐ.சி.எஃப். ரகப் பெட்டிகளை இரண்டு பெட்டிக்கு நடுவில் இறங்கி, திருகு போட்டுத்தான் இறுக்க வேண்டும். அந்த ரகப் பெட்டி செய்வதைப் பெரம்பூரில் 2018-ல் நிறுத்தினார்கள். இப்போது வருகிற புதுப் பெட்டிகள் வந்து மோதினாலே பூட்டிக்கொள்கின்றன.

டிராக்டர் உலகத்திலும் ஒரு புண்ணியவான் பிறந்தார். ஹாரி ஃபெர்குசன். 1884-ல் அயர்லாந்தில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. அப்பாவின் பண்ணையில் வேலை செய்யப் பிடிக்காமல் மெக்கானிக்காகப் போனார். 1909-ல் தானே விமானம் செய்து தானே ஓட்டினார். அப்புறம் ஏரைப் பிடித்துக்கொண்டார். (நாமெல்லாம் ஏரை விட்டுவிட்டு விமானத்தைப் பிடிக்கிறோம்.)

அந்தக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் சக்கரம் நிற்காது. டிராக்டரின் மூக்கு மேலே எழும்பும். மல்லாக்காகக் கவிழ்ந்து ஓட்டுகிறவனை நசுக்கும். ஃபெர்குசன் யோசித்தார். இரண்டு கை கீழே, ஒரு கை மேலே என்று கலப்பையை டிராக்டரோடு ஓர் உடம்பாக்கினார். கலப்பை பாறையில் மாட்டினால் அந்த மேல் கை டிராக்டரை முன்பக்கமாகத் தள்ளும். மூக்கு எழும்பாது. 1926-ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உலகத்தில் எந்த வயலில் டிராக்டரைப் பார்த்தாலும் பின்னால் இருப்பது அவர் கண்டுபிடித்த மூன்று கைதான்.

1938-ல் அவர் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டிடம் இதைக் காட்டினார். ஃபோர்டு அசந்துபோனார். 'நீ ஏர் மாட்டு, நான் டிராக்டர் செய்கிறேன்' என்று பேசி, இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பேப்பரில் ஓர் எழுத்துக் கிடையாது! 1939-ல் டிராக்டர் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. 1947-ல் ஃபோர்டு காலமான வருஷமே பேரன் அந்த உறவை முடித்துக்கொண்டார். வழக்கு நடந்து, 1952-ல் ஃபோர்டு கம்பெனி 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து ராஜியானது. மூன்று இடத்திலும் லிஞ்ச் பின் போட்டு மாட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், அந்தக் கைகுலுக்கலுக்கு மட்டும் லிஞ்ச் பின் போடவில்லை.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்காதீர்கள். அந்த ஃபோர்டு பேரில் எங்கள் ஊருக்குத் தெற்கே மறைமலை நகரில் 2022 வரை கார் செய்தார்கள். அந்த ஃபெர்குசன் பேரில் வடக்கே செம்பியத்தில் 1960-களிலிருந்தே டாஃபே டிராக்டர் வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் நடுவில் இருக்கிறோம். நடுவில் இருப்பது எங்கள் ஊருக்கு வழக்கம்.

ஃபெர்குசன் ஓட்டுகிறவனைக் காப்பாற்றினார். மாட்டுகிறவனை? அதற்குத்தான் 'குவிக் ஹிட்ச்' வந்தது.

போன வருஷம் அண்ணன் ஒரு நாள் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் வயிற்றுப் பேரன். பிளஸ் டூ முடித்திருக்கிறான். ஐ.டி.ஐ.-யில் சேரும் வரை ஹெல்பராக இருக்கட்டும் என்று. என்னைப் பார்த்து "வணக்கம் சார் தாத்தா" என்றான். (சார் என்பதா, தாத்தா என்பதா என்று குழப்பம். இரண்டையும் பூட்டிவிட்டான்.) அன்றைக்கே ரோட்டவேட்டர் மாட்ட வேண்டியிருந்தது. பையன் நடுவில் போய் நின்று பின்னைப் பிடித்தான். பத்து விரல். முழுசாகப் பத்து விரல். அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக ஒரே மூச்சில் பின்னால் எடுக்கிறவர், அன்றைக்கு நாலு தடவை நிறுத்தினார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அமெரிக்காவில் இருக்கிற என் மைத்துனர் மகனுக்கு போன் போட்டேன். அங்கே எப்படி மாட்டுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு வீடியோ அனுப்பினான்.

அதில் பார்த்ததைச் சொல்கிறேன். கவிழ்த்து வைத்த 'ப' எழுத்து மாதிரி ஓர் இரும்புச் சட்டம். அதை டிராக்டரின் மூன்று கையிலும் ஒரே தடவை மாட்டிவிட வேண்டியது. அப்புறம் கழற்ற வேண்டியதில்லை. சட்டத்தின் பின்பக்கம் மூன்று கொக்கி, மேலே ஒன்று, கீழே இரண்டு. டிராக்டரைப் பின்னால் எடுத்து, சட்டத்தை இறக்கி, ரோட்டவேட்டரின் பின்களுக்கு அடியில் கொண்டுபோய் லிஃப்டைத் தூக்கினால், மேல் கொக்கி முதலில் கவ்வும், பிறகு கீழ்க் கொக்கி இரண்டும் கவ்வும், 'டக்... டக்...' என்று தாழ்ப்பாள் விழும். முடிந்தது. ஆள் இறங்கவில்லை. யாரும் 'வா வா' சொல்லவில்லை. எங்கள் ஜேனியின் கப்ளர்தான், வயலுக்கு வந்திருக்கிறது!

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறை பாய் ஒருவர் இருக்கிறார். பேப்பரில் படம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், அளவெல்லாம் சொல்லாதீங்க. சாமானைக் கொண்டாங்க. நம்ம ஊர் சாமான் புஸ்தகத்துல இருக்கிற மாதிரி இருக்காது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அமெரிக்காவில் சின்ன டிராக்டருக்கான குவிக் ஹிட்ச்சில் மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் 15 அங்குலம் என்று ஒரு கணக்கு. எங்களிடம் இருந்த மூன்று கருவியை அளந்தோம். மூன்று ஊரில் மூன்று பட்டறையில் செய்தது. கல்டிவேட்டர் 18, ரோட்டவேட்டர் 16, மண் தள்ளுகிற பிளேடு 20. பின் கனமும் அப்படியே. முதல் வகை டிராக்டருக்குக் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. இரண்டாம் வகைக்கு 28-ம் 25-ம். எங்கள் கருவிகள் இரண்டு வகையிலும் இருந்தன. ஒன்றில் மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது. ஏதோ பழைய ஆக்சிலை வெட்டிப் போட்டிருந்தார்கள்!

பாய் மூன்று திருத்தம் செய்தார். ஒன்று, மேல் கொக்கியைச் சட்டத்தோடு பற்ற வைக்கவில்லை. வரிசையாக ஓட்டை போட்ட கனமான பட்டையில் ஏற்றி இறக்கி, போல்ட் போடுகிற மாதிரி செய்தார். எந்தக் கருவியோ அந்த ஓட்டை. இரண்டு, லேத்தில் கொடுத்துப் புஷ் கடைந்தார். ஒல்லிப் பின்னானாலும் குண்டுப் பின்னானாலும் புஷ் போட்ட பிறகு வெளியளவு எல்லாம் 36.5 மில்லிமீட்டர். கொக்கிக்குள் லொடலொடவென்று ஆடாது. மூன்று, தாழ்ப்பாளுக்கு ஒரு பழைய மொபெட்டின் ஸ்டாண்டு ஸ்பிரிங். அதை விடுவிக்க சீட் வரை ஒரு கயிறு.

கயிற்றைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ரயில்வேக்காரன் விழித்துக்கொண்டான். "பாய், வரப்புல ஏறிக் குதிக்கும்போது கயிறு எங்கேயாவது மாட்டி இழுத்துட்டா? ஓடுற வண்டியிலேர்ந்து 350 கிலோ கழண்டு விழும். தாழ்ப்பாளுக்கு மேல ஒரு ஓட்டை போடுங்க. அதுல லிஞ்ச் பின் போடணும்."

"அப்ப டிரைவர் இறங்கணுமே சார்?"

"இறங்கட்டும். வண்டியை அணைச்சுட்டு, பிரேக் போட்டுட்டு, பக்கவாட்டுல நின்னு போடட்டும். நடுவுல நிற்க வேணாம் இல்லையா?"

இன்னொரு சங்கதியும் இருந்தது. நடுவில் சட்டம் வந்து உட்கார்ந்ததால் ரோட்டவேட்டர் சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப்போனது. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டரைச் சுழற்றுகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் குழாய்க்குள் குழாயாக இருக்கும். பின்னால் தள்ளினால் உள்குழாய் வெளியே வந்துவிடும். குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிற சமாசாரம். கழன்றால் உலக்கை பறக்கிற மாதிரி பறக்கும். நீளக் குழாய் வாங்கி மாற்றினோம். பின்பாரம் தள்ளிப்போனதால் முன்பக்கம் லேசாகிவிடாமல் இருக்க, முன்னால் எடைக்கல்லும் மாட்டினோம். மொத்தச் செலவும், ரோட்டவேட்டருக்கு ஒரு செட் கத்தி மாற்றுகிற காசுக்குக் கொஞ்சம் மேலே.

அண்ணனுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. பட்டறைப் பக்கமே வரவில்லை. "இத்தினி வருசமா கையாலதான மாட்டிகினு இருந்தேன்? எனக்கு வேலை தெரியலைன்றியா தம்பி?" என்றார். முப்பத்து நாலு வருஷம் கையால் கப்ளிங் போட்டவன் நான். அந்தக் கோபம் எனக்குப் புரியும். கைக்கு ஒரு கர்வம் உண்டு. அதுவும் விலை கொடுத்துப் படித்த கைக்கு.

"வேலை உங்களுக்குத் தெரியும்ணே. பையனுக்குத் தெரியாது. அவன் எதை வெச்சுக் கத்துக்கணும், சொல்லுங்க?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. இடது கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, ரோட்டவேட்டர் களத்தில் தன் வழக்கப்படி படுத்திருந்தது. அண்ணன் சீட்டில் ஏறினார். பையன் பழக்கத்தில் நடுவில் போகப் பார்த்தான். "டேய்! தள்ளி நில்லுடா! வேப்பமரத்தாண்ட போ!" என்று ஒரு சத்தம். அண்ணன் சட்டத்தை இறக்கி, பின்னால் எடுத்தார். முதல் தடவை மேல் கொக்கி ஒரு விரற்கடை தள்ளிப்போனது. முன்னால் போய் மறுபடி வந்தார். லிஃப்டைத் தூக்கினார். 'டக்'. ஒரு நொடி கழித்து இன்னொரு 'டக்'. ரோட்டவேட்டர் தூங்கின குழந்தையைத் தூக்கின மாதிரி எழுந்து வந்தது.

அண்ணன் வண்டியை அணைத்தார். இறங்கி, பக்கவாட்டில் நின்று லிஞ்ச் பின்னைப் போட்டார். டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"இது நாப்பது வருசம் முன்னாடி வந்திருந்தா இன்னா தம்பி?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது அக்கம்பக்கத்து டிராக்டர்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். 'எவ்வளவு நேரம் மிச்சம்?' என்பதுதான் முதல் கேள்வி. அரை மணி வேலை மூன்று நிமிஷத்தில் முடிகிறது என்றால் கண் விரிகிறது. விரல் மிச்சம் என்று சொன்னால், 'அதெல்லாம் ஜாக்கிரதையா இருந்தா ஒண்ணும் ஆவாது' என்கிறார்கள். அமெரிக்க ரயில் கம்பெனிகளும் இருபது வருஷம் இதையேதான் சொன்னார்கள்! ஜாக்கிரதை நல்லதுதான். ஆனால் அது கிளட்ச்சில் வைத்த கால் மாதிரி, என்றைக்காவது ஒரு நாள் வழுக்கும். அந்த ஒரு நாளைக்கு நடுவில் ஆள் இருக்கக் கூடாது.

குவிக் ஹிட்ச் செய்ய வசதியில்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். காசு செலவில்லை. வண்டி நகரும் வரை ஹெல்பர் ஒதுங்கி, டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். வண்டியை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகு உள்ளே போகட்டும். பின் சேரவில்லையா? அவன் வெளியே வரட்டும், அப்புறம் வண்டியை நகர்த்துங்கள். பத்து நிமிஷம் கூட ஆகும். ஆகட்டுமே!

பையன் இப்போது ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து டிராக்டர் ஓட்டப் பழகுகிறான். பின்னால் எடுப்பதற்கு முன் திரும்பிப் பார்த்து, "நடுவுல யாரும் இல்லையே?" என்று சத்தமாகக் கேட்கிறான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேப்பமரத்தடியிலிருந்து அண்ணன், "யாரும் இல்ல, வா!" என்று குரல் கொடுக்கிறார், ஒன்பதரை விரலையும் உயர்த்தி ஆட்டிக்கொண்டு.